காதுக்காரி

காலர் ஓரத்தில் ஒரு சுருக்கம் மட்டும் போகவே மாட்டேன் என்றது. டீச்சர் தண்ணீர் தெளித்து, இஸ்திரிப் பெட்டியை அழுத்தி, எடுத்துப் பார்த்து, மறுபடி அழுத்தினாள். வெளியே நாத்தனாரின் கணவர் காரை அணைக்காமல் காத்திருந்தார். சட்டையை அவர் பக்கத்துத் தெரு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். அங்கே அதைப் போட்டுத்தான் டீச்சரின் கணவரை வீட்டுக்கு அனுப்புவார்கள்.

“குடும்மா, நான் தேய்க்கிறேன்” என்றாள் மகள்.

“நீ தேச்சா கை மடிப்பு ரெண்டா விழும்.”

“இன்னிக்கு அதை யாரும்மா பாக்கப்போறாங்க?”

“நான் பாப்பேன்.”

மகள் நீட்டிய கையை இழுத்துக்கொண்டாள். நேற்றிலிருந்து அம்மாவிடம் எப்படிப் பேசுவது என்று அவளுக்குத் தெரியவில்லை. டீச்சர் அழவே இல்லை. வருகிறவர்கள் அதை அதிர்ச்சி என்று நினைத்துக்கொண்டு முதுகைத் தடவிவிட்டுப் போனார்கள். அதிர்ச்சியும் இருந்ததுதான். ஆனால் அதற்கு மேலே கோபம் ஏறி உட்கார்ந்திருந்தது. அந்தக் கோபமும் செத்தவர்மேல் இல்லை, வேறொருத்தி மேல்.

நாத்தனார் வாசலிலிருந்து அவசரமாக வந்து, அறைக் கதவைப் பாதி சாத்திவிட்டு, ரகசியம் சொல்கிற முகத்தோடு தெருவுக்கே கேட்கும்படி சொன்னாள்:

“வந்திருக்கா.”

“யாரு அண்ணி?”

“அவதான். உன் காதுக்காரி.”

டீச்சர் சுவிட்சை அணைத்தாள். சுருக்கம் அப்படியே இருந்தது. சட்டையை மடிக்காமல் ஹேங்கரில் மாட்டி, “இதைக் கசங்காமக் கொண்டுபோகச் சொல்லுங்க” என்று நாத்தனார் கையில் கொடுத்தாள்.

காதுக்காரி என்பது டீச்சர் வைத்த பெயர். விமானம் விழுந்தால் ஏன் விழுந்தது என்று கண்டுபிடிக்கும் அலுவலகத்தில் டீச்சரின் கணவர் வேலை பார்த்தார். விமானிகள் பேசுவதையும் அவர்கள் அறையில் எழும் சின்னச் சின்னச் சத்தங்களையும் பதிவு செய்கிற பெட்டி ஒன்று விமானத்தில் இருக்கும். ஊரே அதைக் கறுப்புப் பெட்டி என்று சொல்லும். பார்த்தால் ஆரஞ்சு நிறத்தில் இருக்கும். இடிபாட்டிலிருந்து அதைத் தேடி எடுத்து வந்த பிறகு, அதில் இருப்பதைக் கேட்டு, சொல் சொல்லாக எழுதுவது இரண்டு பேரின் வேலை. ஒருவர் அவர், இன்னொருத்தி இவள். சத்தம் வெளியே போகாமல் சுவரெல்லாம் மெத்தை ஒட்டிய சின்ன அறை. ஜன்னல் கிடையாது. ஆளுக்கொரு ஹெட்போன். அவர் இடது நாற்காலி, அவள் வலது நாற்காலி. மகள் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த காலத்திலிருந்து இதுதான் ஏற்பாடு. இப்போது மகளுக்குக் கல்யாணமே ஆகிவிட்டது.

அவளுக்கு என்ன காது என்று அவர் வீட்டில் வந்து வியந்ததுதான் முதல் தப்பு. “மூச்சு விடறதை வெச்சே எந்த பைலட்னு சொல்லிடறா” என்பார். “சுவிட்ச் தட்டுற சத்தத்தைக் கேட்டா, இது லைட் சுவிட்ச், இது எரிபொருள் சுவிட்ச்னு பிரிச்சுடறா.” டீச்சர் அப்போது பாத்திரம் கழுவிக்கொண்டிருப்பாள். “நான் பாத்திரம் வெக்கிற சத்தத்தை வெச்சு எனக்குக் கோபமா இல்லையான்னு உங்களால சொல்ல முடியுமா?” என்று கேட்பாள். “ஓ, முடியுமே. இப்பக் கோபம்” என்பார். அதோடு போய்விடுவார். ஏன் கோபம் என்று விசாரிக்க மாட்டார். ஊர்பேர் தெரியாதவர்கள் முனகியதை முப்பது தடவை கேட்கிற மனிதர், நான் சொல்வதை ஒரே ஒரு தடவை கேட்டால் போதாதா என்று டீச்சர் எல்லாரிடமும் சொல்லிச் சிரிப்பாள். சிரிப்பு பாதிதான் நிஜம்.

வேறு மாதிரி ஏதாவது இருந்திருந்தால் சண்டை போட்டுத் தீர்த்திருப்பாள். ஒரு வகுப்பையே அடக்குகிற குரல் அவளுடையது. அப்படி ஒன்றும் இல்லை என்று அவளுக்கு நன்றாகத் தெரியும், அதுதான் தொல்லை. அந்த அறையில் கேட்டதை வெளியே மூச்சு விடக் கூடாது என்பது விதி. செத்தவர்களின் குடும்பத்துக்கும் சொல்லக் கூடாது, கட்டிய மனைவிக்கும் சொல்லக் கூடாது. கேட்டுவிட்டு வருகிற நாட்களில் அவர் காரை வாசலில் நிறுத்திவிட்டு இறங்காமல் அப்படியே உட்கார்ந்திருப்பார். டீச்சர் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே நிற்பாள். உள்ளே வந்ததும் “என்னாச்சு?” என்பாள். “ஒண்ணுமில்ல” என்பார். அந்த ஒன்றுமில்லாததைக் காதுக்காரியிடம் அவர் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை. அவளும் அதையேதான் கேட்டிருப்பாள். இதை நினைத்தால்தான் டீச்சருக்கு வயிறு எரியும்.

ஒரு விபத்தைப் பற்றி மட்டும், அறிக்கை வெளியாகி ஊருக்கெல்லாம் தெரிந்த பிறகு, அவர் உட்கார்ந்து பேசினார். மலையில் மோதிய சின்ன விமானம். கேப்டன் குடித்திருந்தார் என்று டிவியில் அடித்துச் சொன்னார்கள். பெட்டியில் இருந்ததோ வேறு. மலை நெருங்குவதை இளைய பைலட்தான் முதலில் கவனித்தார். “சார், நாம கொஞ்சம் தாழ்வா இருக்கோமோ” என்று மரியாதையாகக் கேட்டார். கேப்டன் வேறு எதையோ பார்த்துக்கொண்டிருந்தார். இவர் மறுபடியும், முன்னைவிட மரியாதையாகக் கேட்டார். அதற்குமேல் கேட்க நேரம் இருக்கவில்லை. “கத்தியிருந்தா எல்லாரும் வீட்டுக்குப் போயிருப்பாங்க” என்றார் அவர். அன்றிலிருந்து இந்த வீட்டில் யாரும் மெல்லப் பேசக் கூடாது என்று சட்டம் போட்டார். பால் பொங்கினாலும் குழாய் ஒழுகினாலும் கத்திச் சொல்ல வேண்டும். முதலில் கத்த ஆரம்பித்தவரும் அவர்தான். இவர்கள் தினமும் சண்டை போடுவதாகப் பக்கத்து வீட்டில் வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

நேற்று மத்தியானம் அந்த அறையிலேயே, ஹெட்போன் போட்டபடியே, அவருக்கு நெஞ்சு நின்றுபோயிற்று. டீச்சர் அப்போது ஐந்தாம் வகுப்பில் பின்னக் கணக்கு நடத்திக்கொண்டிருந்தாள். பக்கத்தில் இருந்தவள் காதுக்காரி ஒருத்திதான். அவர் கடைசியாக என்ன சொன்னார்? யாரைக் கூப்பிட்டார்? என்னைக் கேட்டாரா? நேற்றிலிருந்து டீச்சரின் தலைக்குள் ஓடிக்கொண்டிருந்தது இது ஒன்றுதான். பதில் அந்தப் பெண்ணிடம் இருந்தது. அவளிடம் போய்க் கேட்டு வாங்க வேண்டியிருந்தது. இதைவிடக் கேவலம் ஒன்று வேண்டுமா?

கூடத்தில் காதுக்காரி செருப்பு அலமாரிக்குப் பக்கத்து நாற்காலியில், கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அலுவலக விழாக்களில் பார்த்த முகம்தான். இப்போது இன்னும் சின்னதாகத் தெரிந்தாள். முன்நெற்றியில் நரை, உப்பிப்போன கண்கள். அவளும் தூங்கவில்லை என்பது தெரிந்தது. அதற்குக்கூட டீச்சருக்குக் கோபம் வந்தது. இவளுக்கென்ன, தூங்க வேண்டியதுதானே.

அவளோடு வந்திருந்த அலுவலகத் தலைவர் எழுந்து நின்று கையைப் பிசைந்தார். “எங்க எல்லாருக்கும் பெரிய இழப்பு, மேடம். ஒரு ஆறுதல் என்னன்னா, நிம்மதியான சாவு. வலியே இருந்திருக்காது.”

“நீங்க பாத்தீங்களா?” என்றாள் டீச்சர்.

தலைவர் உட்கார்ந்துவிட்டார். அந்த இடைவெளிக்காகவே காத்திருந்தவள்போல நாத்தனார் உள்ளே நுழைந்தாள்.

“ஏம்மா, நீதானே பக்கத்துல இருந்தே? தம்பி கடைசியா என்ன சொன்னான்?”

காதுக்காரி நாத்தனாரைப் பார்க்காமல் டீச்சரைப் பார்த்தாள். “டீச்சர்கிட்ட சொல்றேன்.”

“நான் கூடப் பொறந்தவம்மா. அவனைத் தூக்கி வளத்தவ. என்கிட்ட சொன்னா ஆகாதா?”

“டீச்சர்கிட்ட சொல்றேன்” என்றாள் அவள் மறுபடி. குரல் கொஞ்சமும் ஏறவில்லை, இறங்கவுமில்லை.

நாத்தனாரின் முகம் தொங்கிவிட்டது. டீச்சருக்கு அதில் ஒரு நொடி திருப்தி. அடுத்த நொடியே, என் புருஷனை எனக்குப் பங்கு பிரித்துக் கொடுக்க இவள் யார் என்று தோன்றியது. “வாங்க” என்று சொல்லிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் படுக்கையறைக்கு நடந்தாள்.

இஸ்திரி மேஜை இன்னும் சூடாக இருந்தது. உட்கார வேறு இடம் இல்லாததால் இரண்டு பேரும் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார்கள். காதுக்காரியின் பார்வை ஜன்னல், அலமாரி, தலையணை என்று ஒருமுறை சுற்றி வந்தது. டீச்சருக்கு அது பிடிக்கவில்லை.

“சொல்லுங்க.”

“நடந்த மாதிரியே சொல்லவா?”

“வேற எப்படிச் சொல்லுவாங்க?”

“எனக்கு வேற மாதிரி சொல்லத் தெரியாது. அதான் கேட்டேன்.” அவள் பையின் பிடியைச் சரிசெய்தாள். “புதுசா ஒரு விபத்து. எதுன்னு நான் சொல்லக் கூடாது, மன்னிச்சுக்கங்க. அதுல ஒரு எடத்துல சின்னதா ஒரு சத்தம் வருது. பேனா மூடி மூடுற மாதிரி. அது என்னன்னுதான் காலையிலேர்ந்து தேடிட்டு இருந்தோம். சாப்பிட்டுட்டு வந்து உக்காந்தோம். ‘கொஞ்சம் பின்னால போ. அந்த எடத்தை மறுபடி போடு’ன்னு சார் சொன்னார். போட்டேன்.”

டீச்சர் காத்திருந்தாள்.

“அவ்வளவுதான் டீச்சர். அதான் அவர் கடைசியாப் பேசினது.”

போ. போடு. வீட்டில் டீச்சரிடம் சொல்கிற அதே ‘போ’. குடத்திலிருந்து தண்ணீர் ஊற்றச் சொல்வதுபோல, பக்கத்தில் இருப்பவள் செய்வாள் என்று சந்தேகமே இல்லாமல் சொல்கிற ‘போ’.

“அப்புறம்?” என்றாள் டீச்சர். தன் குரல் தனக்கே சின்னதாகக் கேட்டது.

“கேக்கும்போது சார் கண்ணை மூடிக்குவார். உங்களுக்கே தெரியும்.”

டீச்சருக்குத் தெரியாது. தெரியும் என்று தலையாட்டினாள்.

“போட்டது முடிஞ்சுது. போதும்னா கையை மடக்குவார், இன்னொரு தடவைன்னா விரலைத் தூக்குவார். ரெண்டும் பண்ணல. யோசிக்கிறார்னு நெனச்சேன். நானே மறுபடி போட்டேன். முழுசா.” அவள் கை தானாகக் காதைத் தொட்டது. “அவர் கேக்கறார்னு நெனச்சுப் போட்டேன். அதுக்கப்புறந்தான் திரும்பிப் பாத்தேன். ஹெட்போன் போட்டிருந்தா பக்கத்துல இருக்கறவங்க மூச்சு கேக்காது டீச்சர்.”

காது ஒன்றையே நம்பிப் பிழைக்கிறவள். அவளைப் பார்க்கப் பாவமாக இருந்தது. ஆனாலும் டீச்சரின் பொறாமை இருந்த இடத்தைவிட்டு ஒரு அங்குலம் நகரவில்லை.

“என் பேரைச் சொல்லலையா?”

“இல்ல.”

“பொண்ணு பேரை?”

“இல்ல.”

“சொன்னார்னு ஒரு பொய் சொல்லியிருக்கலாமே. யாருக்குத் தெரியப்போகுது? நான் என்ன பெட்டியைத் தோண்டி எடுத்துக் கேக்கவா போறேன்?”

“சொல்லலாமான்னு யோசிச்சுக்கிட்டேதான் வந்தேன். சார் ஒத்துக்க மாட்டார்னு தோணிச்சு.” காதுக்காரி தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். “எத்தனையோ வீட்டுக்காரங்க வந்து இதையேதான் கேட்டிருக்காங்க. ஒருத்தர்கிட்டகூட நாங்க இல்லாததைச் சொன்னதில்ல.”

நாங்க. கடைசியில் அந்தச் சொல்தான் டீச்சரைத் தூக்கிவிட்டது.

“நாங்க நாங்கன்னு எவ்வளவு சுளுவா வருது உங்களுக்கு” என்றாள். குரல் வகுப்பறை அளவுக்கு ஏறிவிட்டது. கூடத்தில் கேட்டாலும் கேட்கட்டும். “எனக்கு இத்தனை வருஷமாக் கிடைச்சது ‘ஒண்ணுமில்ல’. அவர் மனசுல என்ன இருந்துதோ அதெல்லாம் உங்களுக்குத்தான் தெரியும். சரி, போகட்டும்னு விட்டேன். கடைசி வார்த்தைன்னு ஒண்ணாவது எனக்கு மிச்சம் இருக்கும்னு பாத்தேன். அதையும் உங்ககிட்டயே சொல்லிட்டுப் போயிட்டார். எனக்குப் பொறாமையா இருக்கு. நேத்து இன்னிக்கு இல்ல, மொதல்லேர்ந்தே. சொல்றதுக்கு எனக்கு வெக்கமில்ல.”

காதுக்காரி மறுக்காமல் கேட்டுக்கொண்டாள். அறையில் சூடு ஆறிக்கொண்டிருக்கும் மேஜை விரிப்பின் வாசம் மட்டும் இருந்தது.

பக்கத்து அறையில் மகள், கூடத்தில் மாட்டுவதற்குப் படம் தேடி அம்மாவின் போனைக் குடைந்துகொண்டிருந்தாள். விரல் எதிலோ பட்டிருக்க வேண்டும். திடீரென்று ஒரு வீடியோ ஓட ஆரம்பித்தது.

“டேய் திருகாணி! உன்னைத்தான்டா! நீ உள்ள போறியா, இல்ல நான் உள்ள போய்ப் படுத்துக்கட்டுமா?” யாரோ கடகடவென்று சிரித்தார்கள். அதன் பிறகு ஒரு பாட்டு. தாளமும் கிடையாது, ராகமும் கிடையாது. திருகாணியைத் திட்டுவதையே நீட்டி முழக்கி ஒரு பாட்டு.

காதுக்காரியின் தலை மெல்லச் சாய்ந்தது. கண்கள் மூடின. வேலைக்குப் போகிற முகம் அது.

“யாரு அது?” என்றாள்.

டீச்சர் அவளைத் திரும்பிப் பார்த்தாள்.

“சொந்தக்காரங்களா? சாரோட தம்பியா?”

“அவருக்குத் தம்பி கிடையாது.”

“குடும்பச் சாயல் இருக்கு. ஆனா இவர் வயசுல சின்னவர்.”

டீச்சருக்கு முதலில் புரியவில்லை. புரிந்தபோது உள்ளுக்குள் குப்பென்று ஒரு சந்தோஷம் பொங்கியது. கெட்ட சந்தோஷம். சாவு வீட்டில் இப்படி ஒன்று வரலாமா என்றெல்லாம் அது கேட்கவில்லை, வந்துவிட்டது. மூச்சை வைத்தே ஆளைச் சொல்கிறவளுக்கு இந்த ஆளைத் தெரியவில்லை.

“அவர்தான்” என்றாள்.

“இல்ல” என்றாள் காதுக்காரி உடனே, கண்ணைத் திறக்காமல். “சாருக்குக் குரல் கீழேயே இருக்கும். ஒரு சொல்லுக்கும் இன்னொரு சொல்லுக்கும் நடுவுல நிறுத்துவார். இவர் மூச்சு விடாமப் பேசறார். இது வேற ஆள்.”

டீச்சர் மகளைக் கூப்பிட்டுப் போனை வாங்கினாள். வீடியோவை முதலிலிருந்து ஓடவிட்டு அவள் முகத்துக்கு நேராக நீட்டினாள். பிரிந்து கிடக்கிற புத்தக அலமாரி, தரையில் சிதறிய பலகைகள், நடுவில் பனியனோடு சம்மணம் போட்டு உட்கார்ந்து திருகாணியை மிரட்டுகிற மனிதர். படம் ஆடிக்கொண்டே இருந்தது, எடுத்துக்கொண்டிருந்த டீச்சரும் சிரித்ததால்.

காதுக்காரி கடைசிவரை பார்த்தாள்.

“சார் பாடுவாரா?”

“நிறுத்தச் சொன்னாத்தான் நிறுத்துவார்.”

“இப்படிச் சிரிப்பாரா?”

“பக்கத்து வீட்ல கேட்டுப் பாருங்க. கதை கதையாச் சொல்லுவாங்க.”

“அங்க நாங்க…” என்று ஆரம்பித்து அவள் நிறுத்திக்கொண்டாள். “அந்த ரூம்ல சத்தமாப் பேச வராது டீச்சர். செத்துப்போனவங்க பேசிட்டிருக்கும்போது நாம எப்படிப் பேசறது? சார் அப்படித்தான்னு நெனச்சுட்டேன். மனுஷனே அப்படித்தான்னு.”

அவள் மறுபடியும் திரையைப் பார்த்தாள். ஓடி முடிந்து நின்றிருந்த படத்தில் அவர் வாயைத் திறந்தபடி சிரித்துக்கொண்டிருந்தார். அதைப் பார்த்த காதுக்காரியின் முகம் டீச்சருக்கு நன்றாகப் பழகிய முகம். ஜன்னலில் நின்று வாசல் காரைப் பார்த்த நாட்களில் கண்ணாடிக்குள் தெரிந்தது இதே முகம்தான். ஒரு பக்கம் இழுத்துக்கொண்ட உதடு, இமைக்காத கண். ஓஹோ, இவளுக்கும் எரிகிறது. டீச்சர் அதை ஆசை தீரப் பார்த்தாள்.

“இதை எனக்கு அனுப்புவீங்களா?” என்றாள் காதுக்காரி.

“மாட்டேன்.”

யோசிப்பதற்கு முன்பே வாய் சொல்லிவிட்டது. காதுக்காரி தலையை ஆட்டினாள், அதுதான் நியாயம் என்பதுபோல. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்தாள். கதவுவரை போய்விட்டாள்.

“வந்து கேளுங்க” என்றாள் டீச்சர்.

அவள் திரும்பினாள்.

“அனுப்ப மாட்டேன். கேக்கணும்னா வீட்டுக்கு வரணும். ஞாயித்துக்கிழமை நான் இங்கதான் இருப்பேன்.” டீச்சர் போனை மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டு, அவளைப் பார்க்காமல் சொன்னாள். “இது மாதிரி நெறைய இருக்கு. அவருக்கு வாயை மூடத் தெரியாது.”

வெளியே ஒரு வண்டி வந்து நிற்கிற சத்தம் கேட்டது. நாற்காலிகள் நகர்ந்தன. கூடத்தில் ஒரே நேரத்தில் பல பேர் எழுந்தார்கள். நாத்தனாரின் அழுகை எல்லாவற்றுக்கும் மேலே எழும்பி வந்தது. “வந்துட்டான்… ஏய், எங்கடி இருக்கே? வந்துட்டான், வா!”

“இதோ வரேன் அண்ணி” என்று டீச்சர் கத்தினாள்.

கத்திவிட்டு எழுந்து போய் அறைக் கதவைச் சாத்தினாள். காதுக்காரியைக் கையைப் பிடித்து இழுத்துக் கட்டிலில் உட்காரவைத்து, பக்கத்தில், தோள் உரசும்படி தானும் உட்கார்ந்தாள். போனைத் திருப்பி அடுத்த வீடியோவைத் தட்டினாள். துவைத்து மடித்த போர்வைகளின் மேல் பூனை ஒன்று சுருண்டு படுத்திருந்தது. அவர் அதன் முன்னால் குனிந்து நின்று, எழுந்திரு, கண்ணு, எழுந்திரு என்று கெஞ்சிக்கொண்டிருந்தார்.